அடகுப் பிரிவு, மல்லாவி

காலபோக விதைப்புக்கு முதற் கிழமை.
உழவுக் கூலி, விதைநெல், யூரியா, எல்லாம்
கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் கழன்று
என் தராசில் ஏறி இறங்கும் நாட்கள்.

முப்பத்தேழாம் இலக்கம்.
மதியாபரணம் தயாளினி.
தகப்பன் பெயரிலேயே ஆபரணம் என்று
வாய்க்குள் சிரித்தேன், இந்த வேலையின் புத்தி.

அவர் வைத்தது சங்கிலி இல்லை.
நீலப் பெட்டி. உள்ளே வெல்வெட்.
மடிப்புக் கலையாத நாடாவில்
உள்ளங்கையளவு வட்டம்.
"இதை வைக்கலாமோ தம்பி?"

பற்றுச்சீட்டை எழுதத் தொடங்கிவிட்டேன்.
பொருளின் விபரம்: பதக்கம் ஒன்று.
பிறகுதான் உரைகல்லில் இழுத்தேன்.
அமிலம் ஒரு துளி.
கோடு பச்சையாகி, நுரைத்து, இல்லாமல் போனது.

"பவுண் இல்லை அக்கா."
"தெரியும்.
ஆனா ஒரு அரசாங்கம் தந்தது.
இதுவும் அரசாங்க வங்கிதானே,
கேட்டுப் பாப்பம் எண்டு."

எந்த அரசாங்கம்?
சியரா லியோன்.
எபோலா காலம். பதினாலு மாதம் தாதி வேலை.
சப்பாத்தைக் கவிழ்த்தால் வியர்வை ஊற்றுமாம்.
கண்ணாடிக்கும் முகமூடிக்கும் உள்ளே
ஆர் நிக்கினம் எண்டு நோயாளிக்குத் தெரியாது,
அதனால் நெஞ்சில் மை பேனையால் பேரெழுதுவார்களாம்.
ஒரு பிள்ளை கையை நீட்டி
தொடாமல், காற்றிலேயே,
அந்த நாலு எழுத்தையும் கூட்டி வாசித்ததாம்.
அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று
அவர் சொல்லவில்லை.

"அங்க ஆத்தின்ர பேரிலதான் விருது.
ரொக்கல் எண்டு ஒரு ஆறு.
மேல்படி, நடுப்படி எண்டு கனக்க இருக்கு.
எனக்குக் கடைசிப் படி."
கொஞ்சம் நின்று சொன்னார்:
"குளத்தில கடைசிப் படியிலதானே தண்ணி."

எங்களுக்கும் ஓர் ஆறு இருக்கிறது.
பாலியாறு, வவுனிக்குளத்தில் கொஞ்சம் படுத்து எழும்பி
மன்னார்க் கடலுக்குப் போகிறது.
அதன் பேரில் ஒரு பாலம், ஒரு ஆட்டோ,
முந்தி ஒரு காவலரண்.
விருதா?

கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.
"இஞ்ச ஒண்டும் தரேல்லையோ?"
"தந்தவை.
ஒன்பது மாசம், முள்ளுக்கம்பிக்குள்ள."
கோபமாகச் சொல்லவில்லை.
இரத்த அழுத்தம் சொல்வதுபோலச் சொன்னார்.
கடைசி மாதங்களில் பள்ளிக்கூட வாங்குகளைச் சேர்த்துக் கட்டி
சத்திர மேசை ஆக்கியவர் இவர்தான் என்று
பிறகு தேநீர்க்கடையில் யாரோ சொன்னார்கள்.
இந்த மண்ணுக்குள் என்னென்ன பெட்டிகளில்
என்னென்ன வட்டங்கள் கிடக்கின்றன என்று
நான் கேட்பதில்லை. யாரும் கேட்பதில்லை.

நீர்ப்பம்பி எரிந்துபோச்சாம். நாற்பதாயிரம் வேணும்.
எண்ணெய் பூசிய விரலால் தோட்டைக் கழற்றினார்.
மூன்று கிராம் எழுநூறு மில்லி.
காணாது. மோதிரமும் வந்தது.
கையெழுத்து, அடையாள அட்டை, பணம்.
பெட்டியை அரிசிப்பைக்குள் வைத்துக்கொண்டு
வெயிலுக்குள் போனார்.

எழுதின சீட்டு என் கையில்.
தொடர் இலக்கம் போட்ட சீட்டு, கிழிக்க முடியாது.
குறுக்கே கோடிழுத்து, "இரத்து" என்று எழுதி,
ஒப்பமிட்டு, கோவையில் குத்தி வைக்க வேண்டும்.
வைத்தேன்.
கோட்டுக்குக் கீழே எழுத்து தெளிவாகத் தெரிந்தது:
பதக்கம் ஒன்று. ரொக்கல் ஆறு. தாதிச் சேவைக்கு.
விபரம் எப்போது அவ்வளவு நீண்டது?
கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தை மாதம் கணக்காய்வு.
குருநாகலிலிருந்து வந்த ஐயா
கோவையைப் புரட்டி அந்தச் சீட்டில் நின்றார்.
தமிழ் எழுத்தைப் பேனையால் தட்டி,
"மே மொக்கத?" என்றார்.
"கங்கக்," என்றேன். ஓர் ஆறு.
என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.
பக்கத்தில் சிவப்பு மையால்
ஒரு சரி போட்டுவிட்டு
அடுத்த தாளுக்குப் போனார்.